கேள்வி போகலாம், பதில் வரக்கூடாது

முன்பெல்லாம் ஒருவன் முடியாது என்று சொன்னால், அவன் மூஞ்சியைப் பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாம். காரியம் நடக்காவிட்டாலும் வயிற்றெரிச்சல் அடங்கும். இப்போது எவனும் முடியாது என்று சொல்வதில்லை. "சிஸ்டம் எடுக்கல" என்கிறான். சொல்லிவிட்டு, ஏதோ அவன் வீட்டில் இழவு விழுந்த மாதிரி நம்மிடம் அனுதாபத்தை எதிர்பார்க்கிறான். பாங்கில் எடுக்கவில்லை. கரண்ட் பில் கட்டுகிற இடத்தில் எடுக்கவில்லை. ரயில் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் எடுக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பிழைப்புக்கு லாரி ஓட்டினேன். வண்டி எடுக்கவில்லை என்றால் நாங்கள் இறங்கித் தள்ளுவோம். இவர்கள் நாற்காலியை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியிலாவது அப்படி இருக்காது என்று நினைத்தேன். உயிர் சமாச்சாரம் அல்லவா. அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது.

என் வீட்டுக்காரிக்குத் தொண்டையில் ஒரு கட்டி. கோலிக்குண்டு அளவு இருந்தபோது வெந்நீரைக் குடித்துச் சமாளித்தாள். எச்சில் விழுங்கினாலே வலிக்கிறது என்றதும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே கத்தி பிடிக்கிற பெரிய டாக்டர் ஊசியைக் குத்தி, கட்டியிலிருந்து துளி சதை எடுத்து, ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்.

"என்ன கட்டின்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு அறுக்கணும்னு முடிவு பண்ண முடியும். ரிசல்ட் வந்த அன்னைக்கே எடுத்துடலாம். அதனால காலையில வெறும் வயிறா இருக்கணும், தண்ணி கூடக் கூடாது" என்றார்.

நல்லது என்று இருந்தோம். விடிந்ததும் வெறும் வயிறு. சாயங்காலம் நர்ஸம்மா வந்து, "இன்னைக்கும் ரிசல்ட் வரல. சாப்பிட்டுக்குங்க" என்பாள். அதற்குள் ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஆறி, தட்டில் ஒட்டிக் கிடக்கும். ஏற்கெனவே விழுங்க முடியாதவள் அதை என்னவென்று விழுங்குவாள். இரண்டு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிடுவாள். மறுநாள் விடிந்தால் மறுபடி வெறும் வயிறு. அவள் கையில் மாட்டின ஆஸ்பத்திரிப் பட்டை முதலில் மணிக்கட்டில் நின்றது. பிறகு முழங்கை வரைக்கும் ஏறி இறங்க ஆரம்பித்தது.

"ஏங்க, கட்டியை எடுக்கறதுக்கு முன்னாடி என்னை எடுத்துடுவாங்க போல" என்றாள்.

டாக்டர் அறைக்குப் போனேன். வாசலில் பன்னிரண்டு என்று நம்பர் போட்டிருக்கும். அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன் பெரியவரே. பதில் வரல."

"போன் போட்டுக் கேளுங்களேன்."

"போன்ல வந்தது செல்லாது. இதுலதான் வரணும்."

"இது எப்ப வரும்?"

வட்டத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது எங்கள் இரண்டு பேரையும் மதிக்காமல் சுற்றியது.

நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே ஒரு அம்மாள் வந்தாள். நான் ஆஸ்பத்திரி பேரைச் சொன்னதும் அவள் முகம் கடுகடு என்று ஆனது.

"ரிசல்ட் என்னைக்கோ ரெடி. உங்க டாக்டரோட கம்ப்யூட்டர் வந்து எங்க வாசலைத் தட்டுது. எங்க கம்ப்யூட்டர் 'சொல்லுங்க, என்ன வேணும்'னு பதில் குடுக்குது. அந்தப் பதிலை உங்க ஆஸ்பத்திரி வாசல்லயே கழுத்தைப் புடிச்சுத் தள்ளிடறாங்க. திரும்பத் தட்டுது, திரும்பப் பதில் சொல்றோம், திரும்பத் தள்ளறாங்க. நாங்க என்ன பண்றது?"

"யாரு தள்றது?"

"உங்க கம்ப்யூட்டர் வலைப் பாதுகாப்புக்காரங்க. அங்க போய்ச் சண்டை போடுங்க."

"அதுக்கு முன்னாடி, அந்த ரிசல்ட்டை ஒரு காகிதத்துல எழுதிக் குடும்மா. நான் கையோட எடுத்துட்டுப் போறேன்."

"குடுக்கக் கூடாது. இனிமே நாங்க காகிதமே வாங்க மாட்டோம்னு உங்க ஆஸ்பத்திரியிலதான் எழுதிக் குடுத்திருக்காங்க."

"எதுல எழுதிக் குடுத்தாங்க?"

"காகிதத்துலதான்" என்றாள். சிரிக்கவில்லை.

வலைப் பாதுகாப்புத் துறை தரைக்குக் கீழே, துணி வெளுக்கிற அறைக்கு அடுத்து இருந்தது. உள்ளே போனதும் குளிர் எலும்பில் ஏறியது. மேலே வெயில் அடிக்கிற ஜன்னல் ஓரம் நோயாளிகள் விசிறிக்கொண்டு கிடக்கிறார்கள். இங்கே கம்ப்யூட்டர்களுக்குக் குளிரூட்டி வைத்திருக்கிறார்கள். சுவரில் பெரிய பலகை. 'இன்று தடுக்கப்பட்டவை' என்று எழுதி, கீழே சிவப்பில் ஒரு எண். நான் பார்க்கும்போதே அது ஏறிக்கொண்டிருந்தது. அலமாரி நிறையக் கேடயங்கள். தடுத்ததற்குக் கொடுத்தவை.

இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் துறைத் தலைவர். சட்டையில் மடிப்புக் கலையாதவர். எதைச் சொல்வதற்கு முன்னும் "சிம்பிளா சொல்றேன்" என்பார். அதற்குப் பிறகு சொல்வது எனக்குப் புரிந்ததே கிடையாது. இன்னொருத்தி என்ஜினியரம்மா. நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். ஆகாத பேர்வழிகள்தான் அவ்வளவு பொறுமையாகக் கேட்பார்கள்.

"சிம்பிளா சொல்றேன் ஐயா. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அறுபத்தஞ்சாயிரத்துச் சொச்சம் வாசல் இருக்கு. நாங்க போர்ட்னு சொல்வோம். ஒவ்வொண்ணுக்கும் நம்பர்."

மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டரைச் சுற்றி வந்து பார்த்தேன். பின்பக்கம் ஆறேழு ஓட்டை இருந்தது. ஒன்றில் தூசி அடைத்திருந்தது.

"மிச்சத்தை எங்க வச்சிருக்கீங்க?" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாதுங்க" என்றாள் என்ஜினியரம்மா.

கண்ணுக்குத் தெரியாத பொருளை எண்ணிக் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. அறுபத்தைந்தாயிரம் வாசல் வைத்த வீட்டை எவனாவது கட்டுவானா? கட்டினாலும், அதற்கு ஒரு காவல்காரனை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவானா? அதைத் தலைவரிடம் கேட்டேன்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அதுக்குத்தான் அனுமதிப் பட்டியல் போட்டிருக்கோம். போன மாசம் குழு கூடி முடிவு பண்ணது. ரெண்டே ரெண்டு வரி. ஒண்ணு, உள்ள இருந்து கிளம்பறவங்க வெளிய நானூத்தி நாப்பத்தி மூணாம் வாசலுக்குப் போகலாம். ரெண்டு, வெளிய இருந்து வர்றவங்க நம்மகிட்டயும் நானூத்தி நாப்பத்தி மூணாம் வாசலுக்கு வந்தா மட்டும் உள்ள விடலாம். போக ஒரு நம்பர், வரவும் அதே நம்பர். எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. குழுவுல கை தட்டினாங்க."

என்ஜினியரம்மா தைலப் புட்டியை மூடினாள். "பதில் அப்படி வராது சார். நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னாங்க" என்றார் தலைவர் என்னிடம். "அவங்க எதையும் எதிர்மறையா யோசிப்பாங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். "இங்க பாருங்கய்யா. நம்ம டாக்டரோட பொட்டி லேப்ல போய் நானூத்தி நாப்பத்தி மூணைத் தட்டுது. அது லேப்போட வாசல். ஆனா நம்ம பொட்டி வெளிய கிளம்பறது அந்த வாசல்ல இருந்து இல்ல. அந்த நேரத்துக்கு எது காலியா இருக்கோ, அம்பதாயிரமோ அறுபதாயிரமோ, அதுல இருந்து கிளம்பும். லேப் பதில் சொல்றப்போ அதோட நானூத்தி நாப்பத்தி மூணுல இருந்து கிளம்பி, நம்ம பொட்டி எங்க இருந்து கேட்டுச்சோ அந்த வாசலுக்கு வரும். நம்ம பட்டியல் என்ன சொல்லுது? நானூத்தி நாப்பத்தி மூணுக்கு வந்தாத்தான் விடுவேன்னு சொல்லுது. கிளம்பற நம்பரையும் சேர்ற நம்பரையும் மாத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்கறோம்."

எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியை வைத்துக் கேட்டேன்.

"அப்ப கேள்வி போகலாம், பதில் வரக்கூடாது. அப்படித்தானே?"

"பொதுவா அப்படிச் சொல்லிட முடியாது" என்றார் தலைவர். "பதில் வரலாம். சரியான வாசலுக்கு வரணும்."

"அது வரவே வராத வாசலுக்கு" என்றேன்.

"வராததுக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?"

அப்புறம் அவர் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வேறொரு திரையைக் காட்டினார். குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட சொல்றதுல தப்பில்ல. ஒரு வாரமா நம்ம ஆஸ்பத்திரி மேல தாக்குதல் நடக்குது. எல்லாம் ஒரே இடத்துல இருந்து. எப்பவும் நானூத்தி நாப்பத்தி மூணுல இருந்து கிளம்பறான். ஆனா ஒவ்வொரு தடவையும் நம்மகிட்ட வேற வேற வாசலைத் தட்டறான். ஒருக்கா அம்பதாயிரத்து எட்டு. ஒருக்கா அறுபத்தி ஓராயிரம். எந்த வாசல் திறந்திருக்குன்னு நோட்டம் பாக்கறான். திருடன்தான் அப்படிப் பண்ணுவான்."

"எந்த இடத்துல இருந்து?"

அவர் எட்டிப் பார்த்துப் பேரைப் படித்தார். அது பரிசோதனைக் கூடத்தின் பேர்.

"யோவ், அவன் நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தவன்யா" என்றேன்.

"எல்லாத் திருடனும் அப்படித்தான் சொல்வான்" என்றார் தலைவர். சுவரில் சிவப்பு எண் ஏறியது. என் வீட்டுக்காரியின் தொண்டைக்கு வந்த பதில் ஒவ்வொன்றும் அந்தப் பலகையில் ஒரு வெற்றியாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒரே வழிதான் தெரியும். செக்போஸ்ட்டுகளில் பழகின வழி. சட்டைப் பைக்குள் கையை விட்டு, "எவ்வளவு எதிர்பாக்கறீங்க, சொல்லுங்க" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல. இது நேர்மையான துறை."

அதுதான் பெரிய துரதிர்ஷ்டம். காசு வாங்குகிறவன் வாங்கின பிறகாவது கதவைத் திறப்பான். நேர்மையானவனை என்ன செய்வது?

கடைசியில் அவரே வழி சொன்னார். விதிவிலக்கு கேட்டு விண்ணப்பம் போடலாம். குழு கூடும். டாக்டர் அறைக் கம்ப்யூட்டர் எந்த வாசலில் இருந்து கிளம்பப்போகிறது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், அந்த வாசலுக்கு வருகிற பதிலை உள்ளே விடலாம்.

"அது முன்கூட்டியே யாருக்கும் தெரியாது சார். கேக்கற நேரத்துலதான் பொட்டி முடிவு பண்ணும்" என்றாள் என்ஜினியரம்மா.

"அப்படிப் பொறுப்பில்லாத பொட்டிக்கு விதிவிலக்கு தர முடியாது" என்றார் தலைவர்.

விண்ணப்பத்தை ஒரு கையடக்கத் திரையில் ஏற்றி என்னிடமே கொடுத்தார்கள். டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் வெளியில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். 'கிளம்பும் வாசல் எண்' என்று இருந்த இடத்தில், யோசிக்காமல் பன்னிரண்டு என்று தட்டினார்.

"டாக்டர், அது உங்க ரூம் நம்பர்" என்றேன்.

"நான் இந்த ரூம்ல இருந்துதானே கேக்கறேன்? வாசல்னா வாசல்தான்" என்றார். பதினாறு வருஷம் படித்தவர். எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை.

குழு கூடியது. என்னை வெளியே உட்கார வைத்தார்கள். உள்ளே ஐந்து பேர் காப்பி குடிக்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்ததும் தலைவர் முகமெல்லாம் பல்.

"ஏகமனதா நிறைவேறிடுச்சு. ஒரு கட்டமும் காலியா விடாத விண்ணப்பத்தை நாங்க இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

"அந்தப் பன்னெண்டு..."

"பன்னெண்டுதான். இதுல ஒரு நல்ல மாற்றமும் பண்ணியிருக்கோம். ஒரு டாக்டருக்கு மட்டும் பன்னெண்டுன்னா பாரபட்சம்னு பேச்சு வரும். அதனால இனிமே ஆஸ்பத்திரியில எந்தக் கம்ப்யூட்டரா இருந்தாலும் பன்னெண்டாம் வாசல்ல இருந்துதான் வெளிய கிளம்பணும். ஆஸ்பத்திரி டைரக்டர் ரூமுக்கு மட்டும் இத்தனை நாளா பழைய பட்டியலே ஓடிக்கிட்டு இருந்தது. அதையும் எடுத்துட்டோம். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவருக்குப் பின்னால் என்ஜினியரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். தைலப் புட்டி அவள் கையிலேயே இருந்தது.

டாக்டர் அறைக்கு ஓடினேன். வட்டம் நின்றுவிட்டது. எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால், வட்டம் இருந்த இடத்தில் 'வெளியே செல்ல அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. எந்தக் கம்ப்யூட்டரும் தானாகப் பன்னிரண்டாம் வாசலில் இருந்து கிளம்பாதாம். முன்னாடி பதில்தான் வரவில்லை. இப்போது கேள்வியும் போகவில்லை.

"நல்லதா கெட்டதான்னு தெரியல. ஆனா திரை அமைதியா இருக்கு" என்றார் டாக்டர்.

வார்டில் என் வீட்டுக்காரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஒரு துணியை நனைத்து உதட்டில் வைக்கக்கூட நர்ஸம்மா விடவில்லை. ஒருவேளை இன்றைக்கு ரிசல்ட் வந்துவிட்டால்?

"என்ன ஆச்சு?" என்றாள்.

"உனக்காகக் கூட்டம் போட்டாங்க."

"என்ன முடிவு பண்ணாங்க?"

"டாக்டர் ரூம் நம்பரை."

அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு அழுகையைவிடப் பயமாக இருந்தது.

சண்டை போடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு தரைக்குக் கீழே இறங்கினேன். அங்கே விழா நடந்துகொண்டிருந்தது. சுவர்ப் பலகையில் சிவப்பு எண் விழுந்து கிடந்தது. கேள்வியே போகாததால் பதிலும் வரவில்லை. பதில் வராததால் தள்ளவும் ஆளில்லை. பரிசோதனைக் கூடத்தின் தாக்குதலை முறியடித்துவிட்டார்களாம். கேக் வெட்டினார்கள். வாசலில் நின்ற என்னை உள்ளே இழுத்து முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்து, "பயனாளி வந்திருக்கார்" என்றார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"சிம்பிளா சொல்றேன். ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆபத்து எங்க இருந்து வருது? வெளியில இருந்து வருது. வெளியில இருந்து வர்றதுல பெரும்பகுதி என்ன? பதில். பதிலைக் குறைச்சா ஆபத்து குறையும்னு நாங்க ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சோம். ஆனா பதிலுக்கு மூலகாரணம் என்ன? கேள்வி. அந்த வேருக்கே இப்பதான் போயிருக்கோம். இன்னைக்கு நம்ம ஆஸ்பத்திரியில இருந்து ஒரு கேள்வி கூட வெளிய போகல. நாட்டுல வேற எந்த ஆஸ்பத்திரியும் இந்தச் சாதனையைப் பண்ணல. நோயாளிகள் இனிமே நிம்மதியா இருக்கலாம்."

நான் எழுந்தேன். "அப்ப வைத்தியம் எப்படிப் பாப்பாங்க?"

"நல்ல கேள்வி" என்றார் அவர். "அது எங்க துறை இல்ல."

என்ஜினியரம்மா உட்கார்ந்த இடத்தில் இருந்தே, "சார், ஒரே ஒரு வரி சேர்த்தாப் போதும். நாம கேட்டதுக்கு வர்ற பதிலா இருந்தா எந்த வாசலுக்கு வந்தாலும் விடு, நாம கேக்காம வர்றதைத் தள்ளுன்னு போடலாம். நம்ம வாசலைக் காவல் காக்கற பெட்டியிலயே அந்த வசதி இருக்கு" என்றாள்.

தலைவர் மைக்கை மூடிக்கொள்ளவில்லை. அதனால் அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "அப்போ நாம என்ன கேட்டோம்ங்கறதை நாமளே ஞாபகம் வச்சுக்கணும். இத்தனை பெரிய நிறுவனத்துல அது நடக்கற காரியமா?"

அதற்கும் கை தட்டினார்கள். எனக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தார்கள். வார்டில் தண்ணீர்கூட இல்லாமல் கிடக்கிறவளின் புருஷன் கையில் கேக். அதை அவர் மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். வைத்தேன் என்பதைக் கொஞ்சம் அழுத்தி வைத்தேன் என்று சொல்ல வேண்டும். அவருடைய தட்டச்சுப் பலகையின் பாதி எழுத்து கிரீமுக்குள் போய்விட்டது.

மறுபடி பரிசோதனைக் கூடம். அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, உள்ளே போனாள். ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"சட்டைப் பைக்குள்ள வச்சுட்டுப் போங்க. எங்க மேலாளர் கேட்டா நான் குடுக்கல."

கொண்டுவந்து டாக்டர் முன்னால் வைத்தேன். அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படித்தார். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கெட்ட கட்டிதான் பெரியவரே. ஆனா முன்னாடி எடுத்த ஸ்கேன்ல பாத்தவரைக்கும் வேற எங்கயும் பரவல. சீக்கிரம் எடுத்துட்டா நல்லா இருப்பாங்க. தள்ளிப் போட்டா என்னால உத்தரவாதம் சொல்ல முடியாது."

 நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "அப்ப இன்னைக்கே எடுத்துடுங்க. காலையில இருந்து வெறும் வயிறாத்தான் கிடக்கறா."

"நான் படிச்சுட்டேன். ஆனா இன்னும் பாக்கல."

"கையில வச்சிருக்கீங்களே."

"திரையில வந்தாத்தான் பாத்ததா கணக்கு. பாத்ததா ஆனாத்தான் ஆபரேஷன் தியேட்டர் பூட்டு திறக்கும். அதுவும் இப்ப சிஸ்டத்தோட சேர்ந்தது." கதவைப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். "பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கு. அங்க இருக்கறவர் என்கூடப் படிச்சவர். காகிதம் வாங்குவார். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

"அவர் கையில வித்தை இருக்கா?"

"என்னைவிட நல்லா அறுப்பார். அங்க பூட்டு கிடையாது."

வார்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். மறைக்கவில்லை. கெட்ட கட்டி என்றதும் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பரவவில்லை என்றதும் கையை எடுத்தாள். 

"அந்த ஆஸ்பத்திரியில இன்னைக்கே அறுப்பாங்களா?"

"போய்ச் சேர்றதுக்கே பொழுது போயிடும். நாளைக்குத்தான் இருக்கும்."

"அப்ப எனக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிட்டு வாங்க. பன்னை டீயில முக்கி விழுங்கிடுவேன்."

கீழே போய் வாங்கி வந்தேன். நர்ஸம்மா அந்தப் பக்கம் இல்லை. என் வீட்டுக்காரி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பன்னைப் பிய்த்து, நனைத்து, கண்ணை மூடி ஒவ்வொரு வாயாக இறக்கினாள். வலித்தது. நின்றுவிடவில்லை. இத்தனை நாளில் அந்தக் கட்டடத்துக்குள் யாரோ ஒருவர் நினைத்த காரியத்தை முடித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பாதி பன் தீரும்போது, வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு தலைவர் ஓடி வந்தார். பின்னால் நர்ஸம்மா. அதற்குப் பின்னால், அவசரமே இல்லாமல், என்ஜினியரம்மா.

"ஐயா, சரித்திர முடிவு எடுத்துட்டோம்" என்றார் தலைவர் மூச்சு வாங்க. "இனிமே நாம கேட்டதுக்கு வர்ற பதில் எந்த வாசலுக்கு வந்தாலும் உள்ள வரலாம். பன்னெண்டாம் நம்பரையும் எடுத்துட்டோம். உங்க ரிசல்ட் டாக்டர் திரையில வந்து நிக்குது."

"குழு கூடிச்சா?" என்றேன்.

அவர் இருமினார். நர்ஸம்மாதான் சொன்னாள். "டைரக்டர் குடும்பத்தோட வெளியூர் போறதுக்குத் தன்னோட ரூம்ல உக்காந்து டிக்கெட் போடப் பாத்திருக்கார். அவர் கம்ப்யூட்டர்ல இருந்தும் எதுவும் வெளியவே போகலையாம். போன்ல கத்தின கத்து மூணாவது மாடி வரைக்கும் கேட்டுது."

"அந்த ஒரு வரியைச் சேர்க்க எவ்வளவு நேரம் ஆச்சும்மா?" என்று என்ஜினியரம்மாவைக் கேட்டேன்.

"தைலப் புட்டியைக் கீழ வைக்கறதுக்குள்ள" என்றாள்.

தலைவர் குறுக்கே புகுந்தார். "முன்னாடி இருந்த பட்டியலும் தப்பில்ல. அது ரொம்பப் பாதுகாப்பா இருந்தது. அவ்வளவுதான். அம்மா, வாங்க, உங்களைத் தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போகச் சொல்லியிருக்கேன். பூட்டு தயாரா திறந்திருக்கு."

அப்போதுதான் நர்ஸம்மா கட்டிலைப் பார்த்தாள். டீ டம்ளரைப் பார்த்தாள். என் வீட்டுக்காரியின் வாயைப் பார்த்தாள்.

"சாப்பிட்டுட்டீங்களா?"

"இன்னும் பாதி இருக்கு" என்றாள் என் வீட்டுக்காரி.

"அப்ப இன்னைக்கு மயக்க மருந்து குடுக்க முடியாது. நாளைக்குக் காலையில வெறும் வயிறா இருங்க, பாக்கலாம்."

தலைவர் நீளமாக மூச்சு விட்டார். முதுகு நிமிர்ந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பாத்தீங்களா ஐயா? இப்ப தாமதம் எங்க பக்கம் இல்ல. நோயாளி பக்கம். நான் இதைக் குறிச்சு வச்சுக்கறேன்."

அடிக்கலாம் என்று கை எழுந்தது. எனக்கும் வயசாகிவிட்டது, அவரும் சண்டை தெரிந்த ஆளாகத் தெரியவில்லை. அதற்குள் என் வீட்டுக்காரி மிச்சப் பன்னை வாயில் போட்டுக்கொண்டு, மடியில் விழுந்த துணுக்குகளைத் தட்டிவிட்டாள். கையில் இருந்த பட்டையை இழுத்தாள். கழற்றவே வேண்டியிருக்கவில்லை, தானாக வந்துவிட்டது. அதைத் தலைவர் கையில் வைத்தாள்.

"செருப்பு கட்டிலுக்கு அடியில கிடக்கு, எடுங்க" என்றாள் என்னிடம்.

"அம்மா, எங்க போறீங்க? எல்லாம் சரியாயிடுச்சு" என்றார் தலைவர்.

"சரியாயிட்டா நல்லதுதானே தம்பி" என்றாள் அவள். "அடுத்த கட்டில்ல இருக்கறவங்களைக் கேளுங்க. அவங்களும் காலையில இருந்து சாப்பிடல."

படியில் இறங்கும்போது அவர் பின்னாலேயே வந்தார். இனிமேல் அந்தக் காவல் பெட்டி கேட்டவரை மறக்காதாம். வந்தவன் யாருக்குப் பதில் சொல்ல வந்தான் என்று ஒவ்வொரு தடவையும் சரிபார்க்குமாம். சிம்பிளாகச் சொன்னால், நாங்கள் இங்கேயே இருப்பதுதான் நாட்டிலேயே பாதுகாப்பாம். சொல்வது உண்மையாகவே இருக்கலாம். என்ஜினியரம்மா கை வைத்தது ஒழுங்காக வேலை செய்யவும் செய்யலாம். நாளைக் காலையில் இன்னொரு குழு கூடி, அந்த வரி அழகாக இல்லை என்று கை தட்டி எடுத்துவிடவும் செய்யலாம். அதைச் சோதித்துப் பார்க்க என் வீட்டுக்காரியின் தொண்டையைக் கடன் கொடுக்க நான் தயாராக இல்லை.

"நம்புங்க ஐயா" என்றார் கடைசிப் படியில் நின்று.

"நம்பல" என்றேன்.

வெளியே வெயில். சட்டைப் பையில் காகிதம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவள் எனக்கு முன்னால், பாலத்துக்குப் போகிற பாதையில், நிற்காமல் நடந்துகொண்டிருந்தாள்.